கூடு விட்டுக் கூடு பாயும் கம்ப்யூட்டர்

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் காலை ரயிலில் உட்கார இடம் பிடிப்பது ஒரு சாமர்த்தியம். சாம்பியன், உரிகாம், கோரமண்டல் என்று கோலார் தங்க வயலின் சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் ஏறுகிற கூட்டத்தால், பங்காரப்பேட்டை வருவதற்குள் பெட்டி நிறைந்துவிடும். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு ஊரில் பல குடும்பங்களில் அடுப்பு எரிவது இந்த ரயிலின் தயவில்தான். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு கையில் கம்பியையும் மறு கையில் செல்போனையும் பிடித்தபடி பெங்களூர் போகிறார்கள்.

அந்தச் செல்போனுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. இன்று புழக்கத்தில் உள்ள செல்போன்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் மூளையாக இருப்பது 'ஆர்ம்' என்ற வம்சத்தைச் சேர்ந்த சிப். அந்த வம்சத்தின் மூத்த பிள்ளை 1985 ஏப்ரலில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உயிர் பெற்றது. பெற்றெடுத்தது ஏகார்ன் என்ற கம்பெனி. சிப்பைச் சிலிக்கனில் வார்ப்பதற்கு முன்பே, அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை சோஃபி வில்சன் ஒரு பேசிக் புரோகிராமாக எழுதி ஓட்டிப் பார்த்தார். ஓட்டியது அதே கம்பெனி தயாரித்த பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டரில். அதாவது இன்னும் பிறக்காத ஒரு சிப், பழைய கம்ப்யூட்டருக்குள் வேஷம் கட்டி ஆடியது. நாற்பது வருஷத்தில் காட்சி தலைகீழாகிவிட்டது. இப்போது பிபிசி மைக்ரோதான் செல்போனுக்குள் வேஷம் கட்டுகிறது. இந்த வேஷத்துக்குப் பெயர் எமுலேட்டர்.

பிபிசி மைக்ரோ இந்தியாவுக்கு அந்நியம் இல்லை. 1984-85-இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தை 250 பள்ளிகளில் ஆரம்பித்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்துவது நோக்கம். அதற்குத் தேர்வான மெஷின் இதுதான். திட்டம் பிறகு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவியது. மொஹாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்ற அரசு நிறுவனம் உரிமம் பெற்று இதே மெஷினை 'யூனிகார்ன்' என்ற பெயரில் தயாரித்தது. அந்த நிறுவனத்தை 1989 பிப்ரவரியில் தீ தின்றது தனிக்கதை. வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்க வசதியிருந்தவர்கள் நாடியது இன்னொரு பிரிட்டிஷ் சரக்கு: சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம். புனேயைச் சேர்ந்த டெசிபெல்ஸ் கம்பெனி 1980-களின் பிற்பகுதியில் அதை உரிமத்தோடு இங்கே விற்றது. டிவியில் மாட்டி, டேப் ரிக்கார்டரிலிருந்து புரோகிராம் ஏற்றி, ஒரு கேசட் தவறாமல் ஓடினால் சாமிக்கு நேர்ந்துகொள்ளும் காலம் அது.

பல பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு நுழையக் கூடாது. பூஜை அறையில்கூட அவ்வளவு கெடுபிடி இருந்திருக்காது. வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரு மெஷினுக்கு நாலைந்து பேர், அதிலும் விசைப்பலகை கிடைப்பது முண்டியடிக்கத் தெரிந்தவனுக்கு. அன்று எட்டிப் பார்த்ததோடு திரும்பியவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு அந்த மெஷின் இப்போது முழுசாக, தனியாக, காசில்லாமல் கிடைக்கும்.

எமுலேட்டர் என்றால் என்ன என்று விளக்க கோலார் தங்க வயலிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2018-இலும் 2022-இலும் வந்து இந்தியா முழுக்க வசூலை அள்ளிய இரண்டு கன்னடப் படங்களுக்காக, ஊரை ஒட்டிய சயனைடு மேடுகளில் சுரங்க செட் போட்டார்கள். படத்தில் பார்த்தால் சுரங்கம் மாதிரியே இருக்கும். ஆனால் அந்த செட்டிலிருந்து ஒரு குந்துமணித் தங்கம் வராது. அது தோற்றத்தை மட்டும் நகல் எடுத்தது. எமுலேட்டர் இதற்கு நேர் எதிர். தோற்றத்தைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. விசைப்பலகை கிடையாது, பெட்டி கிடையாது, பின்னால் வயர் கிடையாது. ஆனால் உள்ளே பழைய மெஷின் என்னென்ன செய்ததோ அதை ஒன்றுவிடாமல் செய்யும். 1983-இல் எழுதிய புரோகிராமை அதில் ஏற்றினால், தான் எங்கே ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பது அந்தப் புரோகிராமுக்கே தெரியாது. கூடு விட்டுக் கூடு பாய்ந்த சித்தர் கதைதான். சித்தருக்கு மட்டும் அது தெரிந்திருந்தது.

இந்த வித்தை புதிதும் அல்ல. 1960-களில் ஐபிஎம் தனது 360 வரிசைக் கம்ப்யூட்டர்களை விற்க வந்தபோது, பழைய 1401 வைத்திருந்த வாடிக்கையாளர்கள் 'எங்கள் புரோகிராம்களை என்ன செய்வது' என்று கேட்டார்கள். புது மெஷினுக்குள் பழைய மெஷினின் நடத்தையை ஐபிஎம் புகுத்திக் கொடுத்தது. எமுலேட்டர் என்ற சொல்லே அந்தக் கம்பெனியில் பிறந்ததுதான். 1975-இல் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் என்ற குட்டிக் கம்ப்யூட்டருக்கு பேசிக் மொழியை எழுதியபோது, அந்த மெஷினை அவர்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதன் சிப்பைப் போல நடிக்கும் புரோகிராமை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டருக்காக ஆலன் எழுதினார். அதில் சோதித்துப் பார்த்த பேசிக், நிஜ மெஷினில் ஏற்றியதும் ஓடியது. மைக்ரோசாஃப்டின் முதல் வியாபாரம் எமுலேட்டர் போட்ட பிச்சை என்றால் அது மிகை இல்லை.

உள்ளே நடப்பது எளிய சங்கதி. ஸ்பெக்ட்ரத்தின் மூளை இசட்80 என்ற சிப். நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுக்கும். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று பார்க்கும். அதன்படி கூட்டும், கழிக்கும், நகர்த்தும். அடுத்த எண்ணுக்குப் போகும். எமுலேட்டரும் இதையேதான் செய்கிறது. சிப்புக்குப் பதிலாக, 'இந்த எண் வந்தால் இதைச் செய்' என்ற நீண்ட ஜாபிதா. கஷ்டம் கணக்கில் இல்லை, தாளத்தில் இருக்கிறது. அசல் ஸ்பெக்ட்ரம் வினாடிக்கு 35 லட்சம் துடிப்புகளில் ஓடியது. திரையை வினாடிக்கு 50 முறை வரைந்தது. இன்றைய போன் அதைவிடப் பல நூறு மடங்கு வேகம் என்பதால், சும்மா விட்டால் விளையாட்டு கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். எனவே எமுலேட்டர் பெரும்பாலான நேரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அந்தக் காலத்து கில்லாடிகள் சிலர் திரை வரையப்படும் நேரத்தைத் துல்லியமாகக் கணக்குப் போட்டு, மெஷினில் இல்லாத வண்ண ஜாலங்களையெல்லாம் காட்டினார்கள். அந்தத் தாளம் ஒரு துளி பிசகினாலும் படம் கலங்கும். நல்ல எமுலேட்டரையும் சுமாரான எமுலேட்டரையும் பிரிப்பது இந்த இடம்தான்.

ஆரம்பிப்பவர் ஸ்பெக்ட்ரத்தில் ஆரம்பிப்பது நல்லது. கம்ப்யூட்டர் இருந்தால் 'ஃபியூஸ்' என்ற இலவச எமுலேட்டரை இறக்கிக்கொள்ளலாம். எதையும் நிறுவ விருப்பம் இல்லாதவருக்கு, பிரவுசரிலேயே ஓடும் 'ஜேஎஸ் ஸ்பெக்கி' இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனுக்கும் பல உண்டு. ஆனால் முதல் தடவை விசைப்பலகை இருக்கும் கம்ப்யூட்டரில் பழகுவது உத்தமம். திறந்தவுடன் வெள்ளைத் திரை. கீழே 1982 என்ற வருஷத்தோடு சின்க்ளேர் கம்பெனியின் பெயர். அவ்வளவுதான். ஐகான் இல்லை, மெனு இல்லை, எதைத் தொடுவது என்று சொல்ல ஆளில்லை. பாதிப் பேர் மூடிவிட்டுப் போவது இந்த இடத்தில்தான்.

தடுமாற்றத்துக்குக் காரணம் ஸ்பெக்ட்ரத்தின் ஒரு விசித்திரம். அதில் கட்டளைகளை எழுத்துக்கூட்டி அடிக்கக் கூடாது. 'பிரிண்ட்' என்ற முழு வார்த்தையும் 'பி' விசையை ஒரு தட்டு தட்டினால் வந்து விழும். 'லோட்' வேண்டுமானால் 'ஜே'. எனவே கேசட் புரோகிராமை ஏற்ற, முதலில் 'ஜே', பிறகு சிம்பல் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'பி'யை இரண்டு தட்டு, இரட்டை மேற்கோள் குறி இரண்டு வரும், கடைசியில் என்டர். சிம்பல் ஷிஃப்டின் வேலையை இன்றைய விசைப்பலகையில் எந்த விசை செய்கிறது என்பதை அந்தந்த எமுலேட்டரின் உதவிப் பக்கத்தில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் கண்ட்ரோல் விசையாக இருக்கும். இந்த ஒரு தகவல் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பிறகு ஃபைல்கள். கேசட்டின் நகல், 'டேப்' என்றோ 'டி.இசட்.எக்ஸ்.' என்றோ முடியும் பெயரில் இருக்கும். இரண்டாவது வகையில் கேசட்டின் ஒலி அமைப்பு இன்னும் நுணுக்கமாகப் பதிவாகியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் நினைவகத்தை அப்படியே உறையவைத்த 'ஸ்னாப்ஷாட்' ஃபைல்களும் உண்டு. அவை உடனே திறந்துகொள்ளும். கேசட் நகலை நிஜ வேகத்தில் ஏற்றினால் நாலைந்து நிமிஷம் ஆகும். ஓரங்களில் முதலில் சிவப்பும் இளநீலமும், பிறகு நீலமும் மஞ்சளும் பட்டை பட்டையாக ஓட, காதைப் பிராண்டும் ஒரு கீச்சொலி கேட்கும். அவசரக்காரர்களுக்கு அதைத் தாண்டிப்போக வசதி இருக்கிறது. ஒரு தடவையாவது தாண்டாமல் கேட்டுப் பார்க்கலாம்; சர்க்கஸ் கூடாரம் கட்டுவதை வேடிக்கை பார்ப்பது போல அதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி. இவ்வளவு ஆரவாரத்தோடு வருகிற முழுப் புரோகிராமும் 48 கேபிக்குள் அடக்கம். வாட்ஸ்அப்பில் தினமும் வரும் காலை வணக்கப் படங்கள் பல இதைவிடப் பெரியவை.

சட்ட சமாச்சாரத்தையும் சொல்லிவிட வேண்டும். பழைய மெஷினின் பிறவிக் குணங்கள் 'ரோம்' என்ற சிப்பில் எழுதப்பட்டிருக்கும். அது இல்லாமல் எமுலேட்டர் வெறும் கூடு. அந்த எழுத்துக்கு உரிமையாளர் உண்டு. ஸ்பெக்ட்ரம் விஷயத்தில் அதிர்ஷ்டம் அடித்தது. 1986-இல் சின்க்ளேரின் கம்ப்யூட்டர் வியாபாரத்தை வாங்கிய ஆம்ஸ்ட்ராட் கம்பெனி, உரிமை தன்னிடமே இருந்தாலும் எமுலேட்டர்களோடு ரோமைச் சேர்த்து வழங்கத் தடையில்லை என்று 1999-இல் பகிரங்கமாகச் சொல்லிவிட்டது. எல்லாக் கம்பெனிக்கும் அந்தப் பெருந்தன்மை கிடையாது. அன்று கடையில் விற்ற விளையாட்டுகள் பலவற்றுக்கும் உரிமை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. இண்டர்நெட்டில் கிடக்கிறது என்பதாலேயே எல்லாம் இலவசம் ஆகிவிடாது. எழுதியவர்களே மனமுவந்து பொதுவில் விட்டவை ஏராளம். ஆரம்பிப்பவருக்கு அவை போதும்.

பிபிசி மைக்ரோவுக்கு 'பீப்எம்' இருக்கிறது. பிரவுசரில் ஓட 'ஜேஎஸ்பீப்' இருக்கிறது. இங்கே கட்டளைகளை எழுத்துக்கூட்டியே அடிக்கலாம் என்பதால் பள்ளியில் பேசிக் படித்தவர்களுக்கு இது இன்னும் சுலபம். ஃபிளாப்பி நகல்கள் 'எஸ்.எஸ்.டி.' என்ற முடிவோடு வரும். நகலைச் செருகிய பிறகு ஷிஃப்டை அழுத்திக்கொண்டு பிரேக் விசையைத் தட்ட வேண்டும். இந்த இரண்டு எமுலேட்டரிலும் எஃப்12 விசைதான் பிரேக். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் செய்துவிட்டு நகர்ந்துகொண்ட ரகசியம் இவ்வளவுதான்.

விளையாட்டில் சலிப்பு தட்டினால், தமிழர்களுக்கென்றே ஒரு பயிற்சி உண்டு. ஸ்பெக்ட்ரத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அதில் ஒவ்வொரு எழுத்தும் எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட ஒரு கட்டம். கோலம் போடத் தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. பயனாளர் தன் இஷ்டத்துக்கு வரைந்துகொள்ள 21 கட்டங்களை அது ஒதுக்கியிருக்கிறது. 'ட' என்ற எழுத்து இதற்கென்றே பிறந்தது: மேலிருந்து கீழே ஒரு கோடு, அடியில் ஒரு கோடு. முதல் ஏழு வரிகளுக்கு 128 என்ற எண், எட்டாவது வரிக்கு 254. 'ப' வேண்டுமா? 128-க்குப் பதில் 130 போட்டால் வலது பக்கச் சுவரும் எழும்பிவிடும். இந்த எண்களை 'போக்' கட்டளையால் வரிசையாக நினைவகத்தில் போட்டுவிட்டால், 1982-இன் பிரிட்டிஷ் மெஷின் 'படபட' என்று தமிழில் எழுதும். 'ப்' எழுதப் புள்ளிக்கு இடம் விட்டு எழுத்தைக் கொஞ்சம் குள்ளமாக்க வேண்டும்: 16, 0, பிறகு ஐந்து 130, ஒரு 254.

தகராறு அதற்கு அப்புறம்தான். அகர வரிசை உயிர்மெய் 18-ஐயும் துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு மூன்றையும் வைத்தால் 21 கட்டங்களும் தீர்ந்துபோகும். உயிரெழுத்துக்கு இடமில்லை, புள்ளிக்கு இடமில்லை. 'ண' எட்டுப் புள்ளி அகலத்தில் மூச்சுத் திணறும். இதற்கும் வழி இருக்கிறது. ஸ்பெக்ட்ரம் தன் முழு எழுத்து வரிசையையும் எங்கே தேடுவது என்பதை 23606, 23607 என்ற இரண்டு முகவரிகளில் குறித்து வைத்திருக்கிறது. அந்தக் குறிப்பை மாற்றி எழுதினால், ஆங்கில வரிசையைத் தூக்கிவிட்டு 96 எழுத்துக்கான தமிழ் வரிசையை உட்காரவைக்கலாம். மொத்தம் 768 எண்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. தமிழைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முதலில் முனைந்தவர்கள் எதோடு மல்லுக்கட்டினார்கள் என்பது, நாலு புத்தகம் படிப்பதைவிட இதில் நன்றாகப் புரியும்.

இதுவரை சொன்னதில் ஒரு குறை தெரிகிறது. எமுலேட்டர் தயார், ரோம் தயார், ஆயிரக்கணக்கான புரோகிராம்கள் தயார். ஆனால் அவை எல்லாம் யாருடைய புரோகிராம்கள்? பெரும்பாலும் பிரிட்டனில் எழுதி, பிரிட்டனில் விற்று, பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் ரசிகர்கள் தங்கள் பரணிலிருந்து தேடியெடுத்துப் பத்திரப்படுத்தியவை. அவர்கள் விளையாட்டு கேசட்டின் அட்டைப் படத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. இந்தியப் பள்ளிகளில் ஆசிரியர்கள் ராத்திரி உட்கார்ந்து எழுதிய கணக்குப் பாடப் புரோகிராம், பொருட்காட்சிக்கு மாணவன் செய்த ரயில்வே டைம்டேபிள், டவுன்ஷிப் வீட்டில் யாரோ ஒரு பையன் தன் ஸ்பெக்ட்ரத்தில் எழுதிய கபடி விளையாட்டு: இப்படிப்பட்டவற்றை யாரும் அந்த அக்கறையோடு தேடவில்லை. எமுலேட்டர் மெஷினைத்தான் உயிர்ப்பிக்கும். யாரும் நகல் எடுக்காத கேசட்டை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

பிரிட்டனிலேயே இதற்கு ஒரு பாடம் நடந்திருக்கிறது. 1086-இல் வில்லியம் மன்னர் நாடு முழுக்கக் கணக்கெடுத்து 'டூம்ஸ்டே' என்ற ஏட்டில் பதிந்தார். அதன் 900-வது ஆண்டான 1986-இல், பள்ளிப் பிள்ளைகளை வைத்துத் தங்கள் ஊர்களைப் பற்றி எழுதவும் படம் எடுக்கவும் சொல்லி பிபிசி ஒரு நவீன டூம்ஸ்டேயைத் தயாரித்தது. எல்லாவற்றையும் லேசர் தட்டில் ஏற்றினார்கள். படிக்க பிபிசி மைக்ரோவின் தம்பியான 'மாஸ்டர்' கம்ப்யூட்டரும் விசேஷமான தட்டு இயக்கியும் வேண்டும். பதினைந்து வருஷத்தில் அந்த மெஷின்கள் அருகிப்போயின. 1086-இன் தோல் ஏட்டை இன்றும் படிக்கலாம். 1986-இன் லேசர் தட்டைப் படிக்க நாதியில்லை என்ற நிலை. கடைசியில் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர்கள் எமுலேட்டர் ஒன்றை எழுதி 2002-இல் அதை ஓட்டிக் காட்டினார்கள். தட்டுகள் கெடாமல் இருந்ததாலும், படிக்கும் கருவி ஒன்றிரண்டு மிஞ்சியிருந்ததாலும் இது சாத்தியமாயிற்று.

கோலார் தங்க வயலுக்கு இந்த விஷயம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், டாடா ஆராய்ச்சி நிலையமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் விஞ்ஞானிகளும் சேர்ந்து 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டார்கள். பம்புகள் நின்ற பிறகு சுரங்கங்களில் நீர் ஏறிவிட்டது. பரிசோதனை நடந்த இடத்துக்கு இனி யாரும் போக முடியாது. ஆனால் முடிவுகளை அன்றே எழுதி வெளியிட்டதால், உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் அவற்றைப் படிக்கலாம். இன்னொரு பக்கம், தங்கம் எடுத்த பிறகு கழிவென்று கொட்டிய சயனைடு மண் மேடுகள். நூறு வருஷமாகக் காற்றடித்தால் ஊர் முழுக்கப் புழுதியாகப் படிந்தவை. அவற்றில் 13 மேடுகளை, சுமார் 1,003 ஏக்கர் பரப்பில், மிச்சமிருக்கும் தங்கத்துக்காக மறுபடி தோண்டும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் சொன்னது. மண் காத்திருக்கும். காந்த நாடாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

கேசட்டில் தகவல் என்பது ஒலிதான். ஸ்பெக்ட்ரத்தில் 0 என்றால் ஒரு குட்டித் துடிப்பு, 1 என்றால் அதைவிட இரண்டு மடங்கு நீளமான துடிப்பு. பிபிசி மைக்ரோவில் 0 என்பது 1200 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு சுற்று, 1 என்பது 2400 ஹெர்ட்ஸின் இரண்டு சுற்று. நாடாவில் பூசிய ஆக்சைடு உதிர்ந்தாலோ, ஈரத்தில் பூஞ்சை பிடித்தாலோ சில துடிப்புகள் காணாமல் போகும். பாட்டாக இருந்தால் காது மன்னித்துவிடும். புரோகிராமில் ஒரு துடிப்பு தொலைந்தாலே அந்தப் பகுதி முழுக்கப் பிழை. முப்பத்தைந்து, நாற்பது வருஷப் பழைய கேசட்டுகள் இப்போது அந்த எல்லையில்தான் நிற்கின்றன.

மீட்கும் முறை பெரிய வித்தை இல்லை. கேசட்டின் ஜன்னல் வழியே நாடாவைப் பார்க்க வேண்டும். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டக் கூடாது. அது விவரம் தெரிந்தவர் கைக்குப் போக வேண்டிய கேஸ். சுத்தமாக இருந்தால், நல்ல டேப் டெக் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் ஹெட்டை ஐசோபுரொபைல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, முதலில் ஏதாவது வேண்டாத பாட்டு கேசட்டைப் போட்டு, நாடாவைக் கடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு டெக்கின் வெளியீட்டைக் கம்ப்யூட்டரின் ஒலி நுழைவில் மாட்டி, 'வேவ்' ஃபைலாக, வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் பதிவு செய்ய வேண்டும். எம்பி3 கூடாது. காதுக்குக் கேட்காத நுணுக்கங்களைக் கழித்துக்கட்டுவதுதான் அதன் தொழில். புரோகிராமுக்கு அந்த நுணுக்கமே உயிர். டால்பி பட்டனை அணைத்துவிட வேண்டும். ஒலி மங்கலாக இருந்தால் ஹெட்டின் பக்கத்தில் உள்ள குட்டி ஸ்குரூவை மயிரிழை அளவு திருப்பினால், சத்தம் கூர்மையாகும் இடம் காதுக்கே தெரியும். இரண்டு பக்கமும், இரண்டிரண்டு தடவை. ஒரு பதிவில் சிதைந்த இடம் மற்றதில் தப்பியிருக்கலாம்.

பிபிசி மைக்ரோவின் ஃபிளாப்பிகள் ஐந்தேகால் அங்குலம். இன்று கடையில் கிடைக்கும் யுஎஸ்பி டிரைவ் அவற்றைச் சீண்டாது. பழைய ஃபிளாப்பி டிரைவும், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் 'கிரீஸ்வீசல்' போன்ற சிறிய பலகையும் வேண்டும். தகவலைப் புரிந்துகொள்ள முயலாமல் காந்தத் தடத்தை அப்படியே படித்துக் கொடுப்பது அதன் சிறப்பு. பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவரைப் பிடித்தால் ஒரு மாலைப் பொழுதில் அமைத்துவிடுவார். சட்டமும் குறுக்கே நிற்காது: நியாயமாகத் தன் கையில் உள்ள புரோகிராமுக்கு, அது தொலைந்தோ கெட்டோ போகாமல் இருக்கக் காப்பு நகல் எடுத்துக்கொள்ள 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருகிறது. தானே எழுதிய புரோகிராம் என்றால் கேள்வியே இல்லை.

கிளாஸ் திட்டத்து மெஷின்கள் பல பள்ளிகளில் எப்போதோ எடைக்குப் போய்விட்டன. மெஷின் போனால் போகட்டும், அதன் வேலையைப் பிரவுசர் பார்த்துக்கொள்ளும். பார்க்க வேண்டியது மெஷினோடு வந்த ஃபிளாப்பிப் பெட்டி, ஆசிரியரின் கையெழுத்து நோட்டு, இரும்பு பீரோவின் அடித்தட்டு. நோட்டில் எழுதிய புரோகிராமும் புரோகிராம்தான். எமுலேட்டரில் மறுபடி அடித்துவிடலாம், நாடா பழுதாகிற தொல்லை அதற்கில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஊரில் இருக்கும்போதே கேட்டுவைப்பது நல்லது. எந்தப் பாடத்துக்கு எழுதினார்கள், எந்த விசையைத் தட்டினால் எது நடக்கும் என்பதெல்லாம் அவர்கள் ஞாபகத்தில் மட்டுமே இருக்கும்.

பதிவு முடிந்ததும் கேசட்டைத் தூக்கிப் போட வேண்டாம். மேலே ஒட்டிய சீட்டையும், உள்ளே மடித்து வைத்த காகிதத்தையும் போட்டோ எடுத்து, வேவ் ஃபைலோடு ஒரே இடத்தில் வைத்து, எழுதியவர் பெயர், வருஷம், எந்த மெஷின் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். வருஷம் தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதலாம். நகல் ஒன்று வேறு வீட்டிலும் இருக்கட்டும்.